முதிய காவல் நாய்க்கு ஏற்ற உணவு

தோட்டத்தையும் ஆட்டுப்பட்டியையும் காக்கும் நாய்க்கு உணவுச் செலவு என்று எவரும் தனியே கணக்கு எழுதுவதில்லை. வீட்டில் மிஞ்சிய சோறு, கம்பங்கூழ், மோர், எப்போதாவது கிடைக்கும் எலும்பு ஆகியவற்றைத் தின்றே அது வளர்கிறது. இளம் வயதில் இதுவே போதுமானதாகத் தோன்றும். வயலில் எலி, ஓணான் என்று எதையாவது பிடித்துத் தின்று, சோற்றில் இல்லாத சத்தை அது தானே தேடிக்கொள்கிறது.

எட்டு, ஒன்பது வயதைத் தாண்டியபின் நிலைமை மாறிவிடுகிறது. வேட்டையாடி ஈடு செய்ய நாயால் முடிவதில்லை. பல் தேய்கிறது, தொடைச் சதை வற்றுகிறது, காலையில் எழுந்திருக்கவே தடுமாறுகிறது. 'நாய்க்கு வயதாகிவிட்டது, இனி உதவாது' என்று சொல்லி அதன் சோற்றைக் குறைத்துவிடுகிறார்கள். சிலர் வண்டியில் ஏற்றிச் சென்று தொலைவில் விட்டுவிட்டு வருவதும் உண்டு. பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இவ்வாறு ஒதுக்கப்படும் நாய்களில் பலவற்றுக்கு உள்ள குறை முதுமை மட்டுமல்ல. சத்துக் குறைவும் மூட்டு வலியும் பல் நோயும் சேர்ந்தே அவற்றை முடக்கியிருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதியைச் சரிசெய்யலாம். அதற்கு விலையுயர்ந்த டின் உணவோ டானிக்கோ தேவையில்லை. வீட்டில் உள்ள பொருள்களையே, அளவையும் சேர்மானத்தையும் மாற்றிக் கொடுத்தால் போதும். எல்லை தெரிந்த, ஆடுகளுக்குப் பழகிய, வீட்டாரையும் அயலாரையும் இனம் காணும் நாய் ஒன்று உருவாக ஓரிரு ஆண்டுகள் ஆகின்றன. அப்படிப்பட்ட நாய் மேலும் சில ஆண்டுகள் நலமாக இருப்பது குடும்பத்துக்கும் இலாபமே.

முதுமை எப்போது தொடங்குகிறது?

நாயின் முதுமை அதன் உருவத்தைப் பொறுத்தது. சிறிய நாய்கள் அதிக நாள் வாழும். பெரிய நாய்கள் விரைவில் முதுமை அடையும். 15 முதல் 25 கிலோ வரை எடையுள்ள நாட்டு நாய், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்றவற்றை எட்டு அல்லது ஒன்பது வயதிலிருந்து முதிய நாய்களாகக் கருதலாம். உருவில் பெரிய இராஜபாளையம் நாயை ஏழு, எட்டு வயதிலிருந்தே கவனிக்கத் தொடங்குவது நல்லது.

இந்த வயதில் முக்கியமாக நான்கு மாற்றங்கள் ஏற்படுகின்றன. உழைப்பு குறைவதால் எரிசக்தித் தேவை குறைகிறது. சதை கரைவதால் புரதத்தின் தேவை குறைவதில்லை. உண்மையில் சற்றுக் கூடுகிறது. பல்லும் ஈறும் கெடுவதால் கடினமான உணவைத் தின்ன முடிவதில்லை. மோப்பமும் நாவின் சுவையும் மங்குவதால் உணவில் நாட்டம் குறைகிறது. சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டி, மென்மையாகவும் மணமாகவும் கொடுக்கவேண்டும் என்பது இந்த நான்கிலிருந்தும் தானே விளங்கும்.

சோறு மட்டும் போதுமா?

நாய்க்குச் சோறே ஆகாது என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததில், மாவுப்பொருளைச் செரிக்கும் திறன் நாய்க்கு வளர்ந்திருக்கிறது. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயைவிட நாயில் பல மடங்கு அதிகப் பிரதிகளாக இருப்பதை சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எனவே நன்கு வெந்த அரிசி, கேழ்வரகு, கம்பு ஆகியவை நாய்க்கு ஏற்ற உணவே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் உள்ள புரதம் சுமார் 7 கிராம்தான். 20 கிலோ எடையுள்ள முதிய நாய்க்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதமாவது தேவை. சோற்றைக் கொண்டே இதை நிறைவு செய்ய வேண்டுமானால் 700 கிராம் அரிசியைச் சமைத்துப் போடவேண்டும். நாய் அவ்வளவு தின்னாது. தின்றாலும் சதை பிடிக்காமல் கொழுப்புதான் ஏறும். வயிறு பெருத்து, முதுகெலும்பு துருத்தி, தொடை வற்றிய நாய்களைக் கிராமங்களில் காணலாம். பெரும்பாலும் சோறு மட்டுமே தின்று வளர்ந்தவை அவை. குடற்புழு இருந்தாலும், வயிற்றில் நீர் கோத்திருந்தாலும் இதே தோற்றம் வரும் என்பதால் மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ளவேண்டும்.

எடையைக் கவனியுங்கள்

முதலில் நாயின் எடையைத் தெரிந்துகொள்ளவேண்டும். மூட்டை நிறுக்கும் தராசின்மேல் ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தாம் மட்டும் நின்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுகொள்ளலாம். மாதம் ஒருமுறை நிறுத்து எழுதி வைப்பது மிகவும் பயன்படும்.

நாய் அளவான உடலோடு இருக்கிறதா என்பதை விலா எலும்பு காட்டிவிடும். உள்ளங்கையால் விலாவைத் தடவினால் எலும்புகள் எளிதில் தட்டுப்படவேண்டும்; ஆனால் தொலைவிலிருந்து பார்க்கும்போது எண்ணும்படி தெரியக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களில் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் இயல்பாகவே சற்றுத் தெரியும். அவற்றில் முதுகெலும்பின் இருபக்கத்துச் சதையையும் தொடைச் சதையையும் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

உடல் பெருக்காமல் வைத்திருப்பதன் பயனை அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டியது. 48 லாப்ரடார் நாய்களை 24 ஜோடிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்குக் கொடுத்த உணவில் 25 சதவீதத்தைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். முடிவுகள் 2002ஆம் ஆண்டில் வெளியாயின. அதிகம் தின்ற நாய்களில் பாதி 11.2 வயதுக்குள் இறந்தன. அளவாகத் தின்றவற்றில் பாதி 13 வயதைத் தாண்டி வாழ்ந்தன. மூட்டு நோய்க்கு மருத்துவம் தேவைப்பட்ட வயதும் அவற்றில் சுமார் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. எந்த டானிக்கும் தராத பலன் இது.

இந்த ஆராய்ச்சி வயிறு நிறையத் தின்று கொழுக்கும் நாய்களைப் பற்றியது என்பதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே மெலிந்திருக்கும் தோட்டத்து நாயின் உணவைக் குறைப்பதற்கு இதை ஆதாரமாகக் கொள்ளலாகாது. முதிய நாய் காரணமில்லாமல் மெலிந்தால் அது நோயின் அறிகுறி.

ஒரு நாள் உணவு

20 கிலோ எடையுள்ள, அதிகம் ஓடாத முதிய நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 800 முதல் 900 கலோரி போதும். இதற்கு ஏற்ற உணவு வருமாறு:

அரிசி அல்லது கேழ்வரகு மாவு (சமைப்பதற்கு முன்) – 100 கிராம்
எலும்பு நீக்கிய கோழி இறைச்சி அல்லது மீன் – 200 கிராம்
முட்டை – 1
பூசணி, கேரட் அல்லது கீரை – 100 கிராம்
தயிர் – 100 மில்லி
கடலை எண்ணெய் – 1 தேக்கரண்டி
முட்டை ஓட்டுத் தூள் – அரைத் தேக்கரண்டி

15 கிலோ நாய்க்கு இதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவும், 25 கிலோ நாய்க்கு ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் கொடுக்கலாம். இரவு முழுவதும் பட்டியைச் சுற்றி வரும் நாய்க்கு இன்னும் சற்று வேண்டியிருக்கும். இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்து, எடை ஏறினால் அரிசியைக் குறைக்கவேண்டும். இறங்கினால் எல்லாவற்றையும் சிறிது கூட்டவேண்டும். எடையைக் குறைப்பதற்காக இறைச்சியைக் குறைப்பது தவறு.

தினமும் 200 கிராம் இறைச்சி என்பது எல்லோராலும் இயலக்கூடியதன்று. 100 கிராம் இறைச்சிக்குப் பதிலாக மூன்று முட்டை கொடுக்கலாம். கோழி வளர்ப்போர் வீட்டில் உடைந்த முட்டை, விரிசல் விட்ட முட்டை ஆகியவற்றை அன்றன்றே வேகவைத்து இதற்குப் பயன்படுத்தலாம். 40 கிராம் உலர்ந்த சோயா உருண்டையும் 100 கிராம் இறைச்சிக்கு ஈடான புரதத்தைத் தரும். அதை நன்றாக ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்து, பிசைந்து கொடுக்கவேண்டும். பாசிப்பருப்பாக இருந்தால் 80 கிராம் வேண்டும்; அப்போது அரிசியை 60 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். இறைச்சிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழியின் இரைப்பையும் இதயமும் நல்ல புரத உணவுகள்.

ஆனால் பருப்பையும் சோயாவையும் கொண்டே முழுப் புரதத்தையும் ஈடுகட்ட நினைக்கக் கூடாது. பட்டாணி, பருப்பு வகைகள் மிகுதியாகச் சேர்ந்த சில தயாரிப்பு உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடுமா என்று அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2018ஆம் ஆண்டில் விசாரணை தொடங்கியது. பாதிப் புரதமாவது முட்டை, மீன், இறைச்சியிலிருந்து கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது.

ஈரல் சத்து மிகுந்தது. வாரம் இருமுறை 50 கிராம் அளவில் கொடுத்தால் போதும். தினமும் அதிகமாகக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடலில் மிகுந்து எலும்பைக் கெடுக்கும்.

தயாரிக்கும் முறை

அரிசியைக் குழைய வேகவைக்கவேண்டும். இறைச்சியைத் தனியே வேகவைத்து, எலும்பும் தோலும் நீக்கி, கையால் உதிர்த்துச் சேர்க்கலாம். தோலில் உள்ள கொழுப்பு மிகுந்தால் கணைய அழற்சி வந்து நாய் கடும் வயிற்று வலியால் துடிக்கும். முட்டையை எப்போதும் வேகவைத்தே கொடுக்கவேண்டும். எல்லாவற்றையும் பிசைந்து, கைச்சூட்டில் கொடுத்தால் மணம் நன்றாக எழும். மோப்பம் மங்கிய நாயும் விரும்பித் தின்னும்.

ஒரே வேளையில் கொட்டாமல், காலையும் மாலையும் இரண்டு பங்காகக் கொடுக்கவேண்டும். மிகவும் தளர்ந்த நாய்க்கு மூன்று பங்காகவும் கொடுக்கலாம். கழுத்தும் முன்காலும் விறைத்த நாய்க்கு உணவுத் தட்டை ஒரு செங்கல் உயரத்தில் வைத்தால் குனியும் சிரமம் குறையும். பார்வை மங்கிய நாய்க்குத் தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் ஒரே இடத்தில் வைக்கவேண்டும். தினமும் இடம் மாற்றினால் அது தேடி அலையும்.

பழைய உணவிலிருந்து புதிய உணவுக்கு ஒரே நாளில் மாறக் கூடாது. முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கு என்று ஒரு வாரம் முதல் பத்து நாளில் மாற்றினால் கழிச்சல் ஏற்படாது. பால் சில நாய்களுக்குக் கழிச்சல் உண்டாக்கும். அவற்றுக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

சுண்ணாம்புச் சத்து

இறைச்சியிலும் சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. எலும்பில்லாத உணவை மாதக்கணக்கில் கொடுத்தால், உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க முட்டை ஓடு எளிய வழி. ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்கு காயவைத்து, மிக்சியிலோ அம்மியிலோ நைசாகப் பொடிக்கவேண்டும். 20 கிலோ நாய்க்கு அரைத் தேக்கரண்டித் தூள் ஒரு நாளைக்குத் தேவையான சுமார் ஒரு கிராம் சுண்ணாம்புச் சத்தைத் தந்துவிடும். சுமார் பாதி முட்டையின் ஓட்டில் அது கிடைத்துவிடும். சிறுநீரக நோய் உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்கக் கூடாது.

கறவை மாட்டுக்கு வாங்கிவைத்த தாது உப்புக் கலவையையும், கன்று ஈன்ற மாட்டுக்குப் புகட்டும் கால்சியம் திரவத்தையும் நாய்க்கு ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அவற்றின் அளவு மாட்டின் எடைக்காகக் கணக்கிடப்பட்டது. வைட்டமின் டி மிகுந்தால் நாயின் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். ஆகவே மாட்டு மருந்தை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வீட்டுச் சமையல் உணவில் துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ ஆகியவையும் குறையலாம். நாய்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட வைட்டமின் – தாது மாத்திரை ஒன்றைக் கால்நடை மருத்துவரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில் கொடுத்து வரலாம்.

மூட்டு வலிக்கு மீன் எண்ணெய்

படுத்த நாய் எழும்போது பின்காலை இழுத்துக்கொண்டு, நாலடி நடந்தபின் சரியாகிவிடுமானால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமே. குளிர் காலத்திலும் மழை நாளிலும் அதிகமாகத் தெரியும். திண்ணை ஏற மறுத்தல், தொட்டால் சீறுதல், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருத்தல் ஆகியவையும் வலியின் அடையாளங்கள். நாய் முனகவில்லை என்பதால் வலியில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இதற்குச் சந்தையில் பலவகை மூட்டு மாத்திரைகள் விற்கின்றன. மிகுதியாக விற்பனையாவது குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் சேர்ந்தவை. இதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இவற்றால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா–3 கொழுப்பு அமிலங்களுக்கே பலன் தெரிந்தது. சிறு விவசாயி காசு செலவிடுவதானால் அந்தக் காசை மீனுக்குச் செலவிடுவதே மேல்.

மத்தி மீனில் இந்தச் சத்து மிகுந்திருக்கிறது. வாரம் மூன்று நாள் இறைச்சிக்குப் பதிலாக மத்தியைக் குக்கரில் நன்றாக வேகவைத்து, முள் நசுங்கும்படி பிசைந்து கொடுக்கலாம். பச்சை மீன் கூடாது; சில வகைப் பச்சை மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் உண்டு. கருவாட்டில் உப்பு மிகுதியாதலால் அதையும் தவிர்க்கவேண்டும். மீன் கிடைக்காத ஊர்களில் 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாம். சாதாரண மாத்திரை ஒன்றில் பயன்தரும் அமிலங்கள் சுமார் 300 மில்லிகிராம்தான் இருக்கும். 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஒன்றில் தொடங்கி, கழிச்சல் இல்லையானால் சில வாரங்களில் மூன்று வரை உயர்த்தலாம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏயும் டியும் செறிந்திருப்பதால் இந்த அளவில் கொடுப்பது ஆபத்து.

இரவில் காரணமின்றிக் குரைத்தல், பழகிய வழியில் திகைத்து நிற்றல் போன்ற முதுமைக்கால மூளைத் தளர்ச்சிக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்று சொல்லப்படுகிறது. 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முதிய பீகிள் நாய்களுக்குப் பலன் தந்தது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்ற தனி வகை. அது தேங்காய் எண்ணெயில் ஒரு பகுதியாக மட்டுமே உள்ளது. கடலை எண்ணெய்க்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்ப்பதில் தவறில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

மனிதர் மாத்திரை நாய்க்கு நஞ்சு

நாய் நொண்டுவதைக் கண்டு மனம் பொறுக்காமல், வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைச் சோற்றில் மறைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தக் காரியத்தால் நாய்கள் இறக்கின்றன. டைக்ளோபினாக், ஐபுபுரூபன், நாப்ராக்சன் ஆகியவை நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யும். சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். கருநிற மலம், தொடர் வாந்தி, உணவு மறுப்பு ஆகியவை இந்த நஞ்சின் அடையாளங்கள்.

மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக், இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளையும் கொன்றதால், அதன் கால்நடைப் பயன்பாட்டை இந்திய அரசு 2006ஆம் ஆண்டில் தடைசெய்தது. மனிதருக்கான மருந்தாக அது இன்றும் கடைகளில் கிடைக்கிறது. நாய்க்கு ஏற்ற வலி மருந்துகள் வேறு உண்டு. சிறுநீரகத்தைச் சோதித்தபின் மருத்துவர் எடையைக் கணக்கிட்டு அவற்றைக் கொடுப்பார்.

மருந்தில்லாமலும் வலியைக் குறைக்கலாம். வெறுந்தரையில் படுக்க விடாமல், மடித்த சாக்குகளை மழைபடாத இடத்தில் போட்டுவைக்கவேண்டும். நகம் நீண்டிருந்தால் வெட்டவேண்டும். காலையிலும் மாலையிலும் சற்று நேரம் மெதுவாக நடக்க விட்டால் சதை வற்றாது.

கொடுக்கக் கூடாதவை

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் இந்தக் குணம் போகாது. எனவே மிஞ்சிய சாம்பார், குழம்பு, பிரியாணி ஆகியவற்றைத் தினமும் சோற்றில் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும். நாய்க்குரிய சோற்றைத் தாளிப்பதற்கு முன்பே தனியே எடுத்துவைப்பது எளிய வழி.

வேகவைத்த கோழி எலும்பு ஈட்டிபோல் பிளந்து தொண்டையையும் குடலையும் குத்தும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த மிட்டாய்களும் நஞ்சு.

விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது பூசணம் பிடித்த தானியமும் கடலைப் பிண்ணாக்கும் ஆகும். மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பிண்ணாக்கையோ, பூசணம் பூத்த மக்காச்சோள மாவையோ நாய்க்குக் காய்ச்சி ஊற்றிவிடுகிறார்கள். அப்லாடாக்சின் என்ற பூசண நஞ்சு சமையல் சூட்டில் அழிவதில்லை. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு இறுதியில் இந்த நஞ்சு கலந்த தயாரிப்பு உணவைத் தின்ற நாய்கள் பல ஈரல் கெட்டு இறந்தன. மாட்டுக்கு ஆகாதது நாய்க்கும் ஆகாது.

தண்ணீரை அளந்து பாருங்கள்

முதிய நாயின் சிறுநீரகம் கெடுவதை முதலில் தண்ணீர்ச் சட்டிதான் தெரிவிக்கும். 20 கிலோ நாய் சாதாரணமாக நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று முன்பின்னாகக் குடிக்கும். ஈரமான உணவு தின்றால் இதைவிடக் குறையும், கோடையில் கூடும். கோடை அல்லாத நாளிலும் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால் சிறுநீரக நோயோ நீரிழிவோ இருக்கலாம். கருத்தடை செய்யாத முதிய பெட்டை நாய், பருவம் முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் இவ்வாறு அதிகம் குடித்து, சோர்ந்து, உணவை ஒதுக்கினால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். அது அவசரமாக அறுவை செய்யவேண்டிய நோய்; ஒரு நாள் தாமதமும் ஆபத்து. எக்காரணம் கொண்டும் தண்ணீரைக் குறைத்து வைக்கக் கூடாது.

வயதான நாய்க்கு இறைச்சி கொடுத்தால் சிறுநீரகம் கெடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நலமான சிறுநீரகத்தைப் புரதம் கெடுப்பதில்லை. இரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியான பிறகே உணவை மாற்றவேண்டும். அப்போது எலும்பு, ஈரல் ஆகியவற்றை நிறுத்தி, மருத்துவர் சொல்லும் அளவுக்கு இறைச்சியைக் குறைத்து, முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்க்கலாம். பாஸ்பரஸ் என்ற தாது குறைவதே இதன் நோக்கம்.

மருத்துவரிடம் காட்டவேண்டிய நிலைகள்

ஒரு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், இரண்டு நாள் தொடர்ந்து உணவை மறுத்தாலும், வாய் கடுமையாக நாறினாலும், உணவை வாயிலிருந்து தவறவிட்டாலும், மடியில் கட்டி தென்பட்டாலும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டவேண்டும். இரத்தப் பரிசோதனையும் அறுவையும் தேவைப்பட்டால், வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும், உண்ணிகளை ஒழிப்பதும் உணவின் பலன் வீணாகாமல் காக்கும்.

ஓர் எச்சரிக்கை. நாய் எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், தாடை தொங்கி நின்றால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்றோ பல் வலி என்றோ எண்ணி வாய்க்குள் கையை விடக் கூடாது. வெறிநோயின் அறிகுறியும் இதுவே. நாயைத் தனியே அடைத்துவிட்டு மருத்துவரை அழைக்கவேண்டும். கடித்தாலோ, கீறினாலோ, கையில் உள்ள காயத்தில் எச்சில் பட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். வயதாகிவிட்டது என்று நாயின் ஆண்டுத் தடுப்பூசியை நிறுத்திவிடுவது குடும்பத்துக்கே ஆபத்தாக முடியும்.

கண்புரையும் செவிட்டுத்தன்மையும் உணவால் தீருபவை அல்ல. தேய்ந்த மூட்டும் பழையபடி ஆவதில்லை. அளவான சோறு, போதுமான புரதம், சிறிது முட்டை ஓட்டுத் தூள், வாரம் சில நாள் மத்தி மீன், எப்போதும் நல்ல தண்ணீர் ஆகிய இவ்வளவும் ஒரு சிறு விவசாயக் குடும்பத்தால் முடியக்கூடியவைதாம். முதலில் நாயை நிறுத்துப் பார்த்து, இன்று அது தின்பது என்ன, எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துவைத்தால், எங்கே மாற்றவேண்டும் என்பது விளங்கிவிடும்.